ஊர்ப்பிள்ளையும் ஊருக்குப் புதியவரும்: புதிய பயிற்சியாளர்மீது நெப்ராஸ்கா ரசிகர் வைக்கும் நம்பிக்கை

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் அணி ஆண்டுக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தாலும், புதிய தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பேற்ற அன்றே அதன் ரசிகர்கள் ‘இனி நம் காலம்’ என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நெப்ராஸ்கா ரசிகர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏமாந்திருக்கிறார்கள். இந்த நம்பிக்கைக்கு அடிப்படை ஏதேனும் உண்டா, அல்லது வெறும் ஆசைதானா?

பதில்:

அடிப்படை உண்டு. ஆனால் அந்த நம்பிக்கையை ரசிகர் எதன்மேல் ஏற்றி வைக்கிறார் என்பதைப் பொறுத்தே அது நிற்கிறது அல்லது சரிகிறது. நான் லிங்கன் நகரில் பல ஆண்டுகள் வசித்தவன். இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் மெமோரியல் அரங்கத்தில் கழித்தவன். நீங்கள் சொல்லும் அந்த நம்பிக்கையில் நானும் கழுத்தளவு மூழ்கியிருந்து, அது கண்ணெதிரே கரைந்துபோனதைப் பார்த்தவன். ஆகவே ரசிகர்களைத் தள்ளி நின்று எடைபோடுவது என் நோக்கமன்று. (இங்கே கால்பந்து என்று நான் குறிப்பிடுவதெல்லாம் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தையே.)

நெப்ராஸ்கா ரசிகரின் நம்பிக்கைக்குப் பிறந்த ஆண்டு ஒன்று உண்டு: 1962. சுமார் 20 லட்சம் மக்கள் வாழும் அந்த மாநிலத்தில் தேசியக் கால்பந்து லீகில் (NFL) ஆடும் தொழில்முறை அணி எதுவும் கிடையாது. மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் அனைத்துக்கும் பல்கலைக்கழக அணி ஒன்றே சொந்த அணி. 1961-இல் அந்த அணி பத்து ஆட்டங்களில் மூன்றில் மட்டும் வென்றது. அடுத்த ஆண்டு வயோமிங் பல்கலைக்கழகத்திலிருந்து பாப் டெவானி என்ற பயிற்சியாளர் வந்தார். வந்த முதல் ஆண்டிலேயே மிச்சிகனை அதன் சொந்த மண்ணில் வீழ்த்தி, மொத்தம் ஒன்பது வெற்றிகளோடு சீசனை முடித்தார். அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி மிசௌரிக்கு எதிரான ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. அன்று நெப்ராஸ்கா 7-16 என்ற கணக்கில் தோற்றது. ஆனாலும் அன்று தொடங்கிய ‘அரங்கு நிறைந்த ஆட்டங்கள்’ வரிசை இன்றுவரை அறுபடவில்லை. 2024-இல் அது 400 ஆட்டங்களைக் கடந்தது. டெவானி 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த டாம் ஆஸ்பார்ன் 1973 முதல் 25 சீசன்கள் பொறுப்பில் இருந்து, எந்த ஆண்டிலும் ஒன்பது வெற்றிகளுக்குக் கீழே இறங்காமல், 255 வெற்றிகள், 49 தோல்விகள், 3 சமநிலைகள் என்ற கணக்கோடு, 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளின் பட்டங்களோடு ஓய்வு பெற்றார்.

ஒருவர் வந்தார், ஓராண்டில் எல்லாம் மாறியது, அந்த மாற்றம் 36 ஆண்டுகள் நீடித்தது என்பது அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தெரிந்த வரலாறு. அப்படிப்பட்ட ஊரில் புதிய பயிற்சியாளரைப் பார்த்து ஒருவர் நம்பிக்கை கொள்வது, தாத்தா கண்ணால் கண்டதை மறுபடி எதிர்பார்ப்பதேயாகும்.

கல்லூரிக் கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளரின் இடம் தொழில்முறை அணிகளில் இருப்பதைவிடப் பெரியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தொழில்முறை அணியில் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் வேலை; முந்தைய ஆண்டு கடைசியாக வந்த அணிக்கு நல்ல இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமையும் உண்டு. கல்லூரியில் அப்படி எந்தச் சலுகையும் இல்லை. பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், அவன் பெற்றோரோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து, ‘உங்கள் மகனை என்னிடம் ஒப்படையுங்கள்’ என்று கேட்பவர் பயிற்சியாளர்தான். உதவிப் பயிற்சியாளர்களை அமர்த்துவது, ஆட்டமுறையை வகுப்பது, நன்கொடையாளர்களைச் சந்திப்பது என எல்லாமே அவரைச் சுற்றித்தான் நடக்கின்றன. எனவே ‘ஆள் மாறினால் அணி மாறும்’ என்ற ரசிகரின் கணக்கு அடிப்படையில் தவறானதன்று.

அந்தக் கணக்குக்கு எதிரான சான்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1997 முதல் 2010 வரையிலான கல்லூரி ஆட்டங்களை வைத்து அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் மூவர் செய்த ஆய்வு ஒன்று, மிக மோசமாக ஆடிவந்த அணிகளில் பயிற்சியாளரை மாற்றியதால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்படவில்லை என்றும், நடுத்தரமாக ஆடிவந்த அணிகள் மாற்றத்துக்குப் பிறகு இன்னும் சரிந்தன என்றும் கண்டது. நெப்ராஸ்காவின் கதையே இதற்கு நல்ல விளக்கம். 2003-இல் ஒன்பது வெற்றிகள் பெற்ற பயிற்சியாளரை அனுப்பினார்கள். 2014-இல், ஏழு ஆண்டுகளும் ஒன்பது அல்லது பத்து வெற்றிகள் பெற்ற இன்னொருவரை அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் மூன்றே ஆண்டுகளில் நான்கு வெற்றிகளுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்பது வெற்றி போதாது என்று நினைத்த இடத்தில், ஆறு வெற்றிக்கு ஏங்கும் நிலை வந்தது.

அந்த நிலையில்தான் 2017 டிசம்பரில் ஸ்காட் ஃப்ராஸ்ட் வந்தார். அவரைப்போல ஓர் ஊருக்குப் பொருந்திய பயிற்சியாளர் வேறு எங்கேனும் வந்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதே மாநிலத்தின் வுட் ரிவர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தாய், தந்தை இருவரும் அங்கே பள்ளி அணிக்குப் பயிற்சியளித்தவர்கள். 1997-இல் ஆஸ்பார்னின் கடைசிப் பட்டத்தை வென்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் வீரர், அவரே. அதற்கெல்லாம் மேலாக, 2015-இல் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் பன்னிரண்டிலும் தோற்ற சென்ட்ரல் ஃபுளோரிடா அணியை ஏற்று, இரண்டே ஆண்டுகளில், 2017 சீசனில், 13 ஆட்டங்களிலும் வெல்லவைத்தவர். ஏழாண்டு ஒப்பந்தம், மூன்றரைக் கோடி டாலர். யாரும் மறுத்துப் பேசவில்லை.

2018 ஏப்ரலில் நடந்த வசந்தகால ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அது அணியினர் இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பயிற்சி ஆட்டம்; முடிவுக்கு எந்த மதிப்பும் கிடையாது. அதைப் பார்க்க 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து அரங்கை நிறைத்திருந்தார்கள். என் பக்கத்து இருக்கையில் அறுபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு விவசாயி அமர்ந்திருந்தார். வெயிலில் வெளிறி இளஞ்சிவப்பாகிப்போன தொப்பி. ஒரு காதில் வானொலியின் காதொலிப்பான். மடியில், பாதி தின்று காகிதத்தில் சுற்றி வைத்த ரன்சா, அதாவது மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வைத்துச் சுட்ட அந்த ஊர் ரொட்டி. நான்கு மணிநேரம் வண்டி ஓட்டி வந்ததாகச் சொன்னார். 1962-இல் அந்த மிசௌரி ஆட்டத்துக்குத் தம் தந்தை தம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்ததாகவும் சொன்னார். புதிய பயிற்சியாளர் களத்துக்குள் வந்தபோது அவர் கைதட்டவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலின்மேல் வைத்துக்கொண்டு, ‘வுட் ரிவர் பையன்’ என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அது காணாமல்போன மகன் வீடு திரும்பியதைக் கண்டவரின் குரல்.

செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் ஆட்டம். தொடக்க உதை முடிந்ததும் மின்னல் வெட்டியது, ஆட்டம் நிறுத்தப்பட்டது, மணிக்கணக்கில் காத்திருந்தபின் ரத்து செய்யப்பட்டது. அடுத்த வாரம் கொலராடோவிடம் தோல்வி, அதைத் தொடர்ந்து மேலும் ஐந்து தோல்விகள். அந்த சீசன் நான்கு வெற்றிகளோடு முடிந்தது. 2021-இல் நடந்தது இதைவிட வேதனையானது: அணி 12 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்றது, ஆனால் தோற்ற ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூட இடைவெளி ஒன்பது புள்ளிகளைத் தாண்டவில்லை, ஆண்டு முழுவதும் எடுத்த புள்ளிகள் கொடுத்த புள்ளிகளைவிட அதிகம். 2022 ஆகஸ்டில் டப்ளினில் நார்த்வெஸ்டர்ன் அணிக்கு எதிராக 28-17 என்று முன்னிலையில் இருந்தபோது, பந்தைத் தாமே மீண்டும் கைப்பற்றும் நோக்கத்தோடு குட்டையாக உதைக்கும் ‘ஆன்சைட் கிக்’ உத்தியை ஃப்ராஸ்ட் தேவையின்றிக் கையாண்டார். பந்து எதிரணியிடம் போனது. ஆட்டமும் 28-31 என்று போனது. இரண்டு வாரங்கள் கழித்து, ஜார்ஜியா சதர்னிடம் தோற்ற மறுநாள், அவர் நீக்கப்பட்டார். மொத்தக் கணக்கு: 16 வெற்றிகள், 31 தோல்விகள்.

அப்படியானால் 2018-இல் எங்கள் நம்பிக்கை முட்டாள்தனமா? இல்லை என்றே இன்றும் சொல்வேன். நாங்கள் பார்த்த சான்று பொய்யன்று. ஆனால் அதை நாங்கள் அரைகுறையாகப் படித்தோம். சென்ட்ரல் ஃபுளோரிடா 2015-இல் பூஜ்யத்தில் கிடந்தது உண்மை. அதே அணி அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2013-இல், 12 ஆட்டங்களில் வென்று ஒரு பெரிய கிண்ணத்தையும் கைப்பற்றியிருந்தது என்பதும் உண்மை. ஃப்ராஸ்ட் ஏற்றது ஒரு பெருமழையில் கூரை மட்டும் பறந்த வீட்டை. அடித்தளம் அப்படியே இருந்தது. தலைமைப் பயிற்சியாளராக அவருக்கு இருந்த அனுபவமோ இரண்டே ஆண்டுகள். ஒரே இடத்தில், ஒரே ஒருமுறை நடந்ததை நாங்கள் ஒரு வழிமுறை என்று எடுத்துக்கொண்டோம். மீதி இடைவெளியை அவருடைய பிறந்த ஊரையும், 1997-இன் நினைவையும் கொண்டு நிரப்பிக்கொண்டோம். ஊர்ப்பாசம் பெரிய விஷயம்தான். ஆனால் களத்தில் முன்னேற இன்னும் ஒரே ஒரு கெஜம் தேவைப்படும்போது எதிரணித் தடுப்பை அது நகர்த்துவதில்லை.

2022 நவம்பரில் வந்த மேட் ரூல் விஷயத்தில் ரசிகர்கள் எவ்வளவோ நிதானமாக நடந்துகொண்டார்கள் என்பதைக் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும். இந்தமுறை ஒரு வழிமுறையையே பார்த்து நம்பினார்கள். ரூல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு இரண்டே வெற்றிகள் பெற்று, மூன்றாம் ஆண்டு பத்து வெற்றிகளை எட்டியவர். பெய்லரில் முதல் ஆண்டு ஒன்று, இரண்டாம் ஆண்டு ஏழு, மூன்றாம் ஆண்டு பதினொன்று. இரண்டு வெவ்வேறு இடங்களில் ஒரே ஏறுமுகம். ‘மூன்றாம் ஆண்டுவரை பொறுத்திருப்போம்’ என்று கடைத்தெருவில்கூடப் பேசிக்கொண்டார்கள். நெப்ராஸ்காவில் முதல் ஆண்டு ஐந்து வெற்றிகள். 2024-இல் ஏழு, அதுவும் 2016-க்குப் பிறகு முதல்முறையாகப் பருவ இறுதிக் கிண்ண ஆட்டம் ஒன்றில் ஆடி, பாஸ்டன் காலேஜை வென்று. 2025-தான் அந்த மூன்றாம் ஆண்டு. மீண்டும் அதே ஏழு வெற்றிகள், ஆறு தோல்விகள்.

ஏன் ஏறவில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான உண்மையான விடை இருக்கிறது என்று கருதுகிறேன். டெம்பிளிலும் பெய்லரிலும் ரூல் செய்தது பழைய முறை விவசாயம். முதல் ஆண்டு பதினெட்டு வயதுப் பையன்களை விதைத்து, அவர்கள் அடிபட்டுத் தோற்று வளரும்வரை காத்திருந்து, மூன்றாம் ஆண்டு அறுவடை செய்வது. 2021 வரை அது சாத்தியமாக இருந்தது. ஏனெனில் ஒரு வீரர் வேறு கல்லூரிக்கு மாறினால் பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 2021-இல் அந்த விதி தளர்ந்தது. வீரர்கள் ஒருமுறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகி, 2024-இல் எத்தனை முறை மாறினாலும் ஆடலாம் என்றானது. அதே 2021 ஜூலையில், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறவும் அனுமதி கிடைத்தது. 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாக வருமானத்தில் பங்கு தருகின்றன. இடம் மாற விரும்பும் வீரர்களின் பெயர்கள் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற பட்டியலில் ஏறுகின்றன. மற்ற கல்லூரிகள் அங்கிருந்து அழைத்துக்கொள்கின்றன. விதைத்த வயலுக்கு வேலி இல்லாமல் போனது. நெப்ராஸ்கா 2024-இல் பெரும் எதிர்பார்ப்போடு சேர்த்த இளம் குவார்ட்டர்பேக் டிலன் ராயோலா, 2025 நவம்பரில் காலெலும்பு முறிந்து வெளியேறினார். சீசன் முடிந்ததும் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விதி அனுமதித்ததைச் செய்தார். ஆனால் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு என்று எண்ணிக்கொண்டிருந்த ரசிகரின் நாட்காட்டி அந்த இடத்தில் கிழிந்தது.

அதே விதிமாற்றம் இன்னொரு ஊரில் என்ன செய்தது என்று பாருங்கள். 2023 முடிவில் இந்தியானா பல்கலைக்கழக அணி, பெரிய கல்லூரி அணிகளிலேயே அதிகத் தோல்விகளைச் சுமந்த அணியாக இருந்தது. வரலாற்றில் 700-க்கும் மேற்பட்ட தோல்விகள். பிக் டென் எனப்படும் தன் லீகின் பட்டத்தை அது கடைசியாகப் பங்கிட்டுக்கொண்டது 1967-இல். அங்கே ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். அந்த ஊரோடு எந்த உறவும் இல்லாதவர். எந்த நம்பிக்கையில் வீரர்களை அழைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, தாம் வெல்பவர் என்றும் கூகுளில் தேடிப் பார்க்கலாம் என்றும் அவர் சொன்ன பதில் நாடு முழுவதும் பரவியது. பலர் அதைத் தற்பெருமை என்றார்கள். தேடிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு: 2011 முதல் மூன்று வெவ்வேறு கல்லூரிகளில், வெவ்வேறு மட்டங்களில், தலைமைப் பயிற்சியாளராக ஓராண்டுகூட வெற்றியைவிடத் தோல்வி மிகுதியாகப் பெறாதவர்.

அவர் வரும்போது ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்கள் கூடவே வந்தார்கள். மற்ற இடங்களுக்கும் ஆள் எடுத்தபோது, ‘எதிர்காலத்தில் பெரிய ஆளாக வருவான்’ என்று பேசப்பட்ட பையன்களைவிட, சிறிய கல்லூரியிலானாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் களத்தில் நின்று ஆடிக் காட்டியவர்களையே தேடினார். முதல் ஆண்டான 2024-இல் 11 வெற்றிகள், 2 தோல்விகள். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா என்ற குவார்ட்டர்பேக் வந்து சேர்ந்தார்; நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றார். அணி ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என வென்று பிக் டென் பட்டத்தையும், 2026 ஜனவரி 19-ஆம் தேதி மியாமியை 27-21 என வென்று தேசியப் பட்டத்தையும் கைப்பற்றியது. 16 ஆட்டங்கள், 16 வெற்றிகள். தலைமுறை தலைமுறையாகத் தோற்ற அணி இரண்டே ஆண்டுகளில் எட்டிய உயரம் இது. 1962-இல் டெவானி செய்ததை நம்ப முடியாத கதையாக நினைத்தவர்களுக்கு, அதைவிடப் பெரிய கதை இப்போது கண்முன்னே நடந்திருக்கிறது.

ஆகவே, மேலே சொன்ன ஆய்வு பொய்யாகிவிட்டது என்று நான் வாதிடவில்லை. அது 2010-இல் முடிந்த ஓர் உலகத்தைப் பற்றியது என்றே சொல்கிறேன். அந்த உலகத்தில் புதிய பயிற்சியாளர், முந்தையவர் விட்டுச்சென்ற வீரர்களோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இன்று அணியின் பாதியை ஒரே குளிர்காலத்தில் மாற்றிவிடலாம். எனவே முதல் ஆண்டிலேயே எதிர்பார்ப்பது இப்போது அவசரமாகாது. அதற்கு நியாயம் உண்டு. முதல் ஆண்டில் ஓர் அணி நான்கு வெற்றிகளோடு நின்றால், ‘பொறுங்கள், இளம் பையன்கள் வளர்வார்கள்’ என்ற ஆறுதலுக்குத்தான் இன்று பழைய மதிப்பில்லை.

பணமும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்பதை மறுக்க முடியாது. இந்தியானாவுக்கு வசதியான முன்னாள் மாணவர்கள் உண்டு. ஆயினும் நெப்ராஸ்காவில் பணத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. உதவிப் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் பழகியவர்களா என்று பார்ப்பதும் போதாது. ஃப்ராஸ்டும் தம் உதவியாளர்களை ஏறக்குறைய மொத்தமாகவே ஃபுளோரிடாவிலிருந்து அழைத்து வந்தார். நான் கண்டவரையில் வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, அந்தப் பயிற்சியாளர் வென்றது எத்தனை இடங்களில், எவ்வளவு மாறுபட்ட சூழல்களில் என்பது. இரண்டாவது, அந்த வெற்றிகள் கிடைத்த விதிகள் இன்றும் நடப்பில் உள்ளனவா என்பது. ஃப்ராஸ்டிடம் முதலாவது இல்லை. ரூலிடம் முதலாவது முழுமையாக இருந்தது. இரண்டாவது அவர் காலடியிலிருந்து நழுவியது. அவர் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளக்கூடியவர் என்று நான் இன்னமும் நம்புகிறேன். 2025 அக்டோபரில் பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டியதை அவசர முடிவு என்றவர்கள் உண்டு. ஒன்பது வெற்றிக்காரர்களை விரட்டிய ஊர் ஒருமுறையேனும் பொறுத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

அந்த விவசாயியோடு இன்றும் தொலைபேசித் தொடர்பில் இருக்கிறேன். சீசன் முழுவதற்குமான இரண்டு இருக்கைகளை அவர் இன்னும் விடவில்லை. இப்போது பேத்தி உடன் வருகிறாள். கடந்த ஜனவரியில், இந்தியானா பட்டம் வென்ற மறுநாள் காலை அழைத்தார். நெப்ராஸ்காவுக்குப் புதிதாக வரும் முன்வரிசைத் தடுப்பாளர்களைப் பற்றி விசாரித்தார். அவர்கள் எந்த ஊர்ப் பையன்கள் என்று இந்தமுறை அவர் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் இதற்குமுன் எத்தனை ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து களத்தில் நின்றிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். நான் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தேன். மறுமுனையில் அவர் பென்சிலால் எழுதிக்கொள்ளும் ஓசை கேட்டது.